ஒட்டின ஸ்டிக்கர், கிழிச்ச ஸ்டிக்கர்

போன வாரம் கராஜை ஒழிச்சுக்கிட்டு இருந்தப்போ ஒரு பழைய அட்டைப்பெட்டி கையில சிக்குச்சு. உள்ள நாலு லேமினேட் பலகை மிச்சம். பெட்டியோட பக்கவாட்டுல பொடி எழுத்துல ஒரு வரி: ‘கலிஃபோர்னியா 93120, ஃபார்மால்டிஹைடு, ஃபேஸ் 2’.

அந்த ஒரு வரியை நம்பித்தான் 2014-ல பையன் ரூமுக்குத் தரை போட்டேன். 2015 மார்ச்ல ஒரு ராத்திரி, அதே வரியை டார்ச் அடிச்சுப் படிச்சுட்டு தூக்கம் வராம உட்கார்ந்திருந்தேன். ரொம்ப நாளா தள்ளிப்போட்டுக்கிட்டே வந்த பதிவு, பெட்டியே வந்து கண்ணு முன்னாடி நின்னதால இன்னிக்கு எழுதிடறேன். கொஞ்சம் நீளம். டீயோ காபியோ எடுத்துக்கிட்டு உட்காருங்க.

முதல்ல கொஞ்சம் கொசுவர்த்தி சுத்திக்கிறேன்.

பையனுக்கு அப்போ ரெண்டு வயசு. ராத்திரியானா இழுப்பு. டாக்டர் ஸ்டெத்தை எடுத்துட்டுக் கேட்ட முதல் கேள்வியே "வீட்ல கார்ப்பெட்டா?"ங்கறதுதான். அமெரிக்க வீட்ல வேற என்ன இருக்கும்? அந்த வாரமே கார்ப்பெட்டைப் பிச்சுப் போட்டாச்சு. நிஜ மரத்துல தரை போட நம்ம பர்ஸ் இடம் கொடுக்கல. லேமினேட்தான் கட்டுப்படியாச்சு. கடையில (பேரு வேணாம், கீழே நான் சொல்லப்போற கம்பெனி இல்ல இது) விக்கிறவர் நல்ல மனுஷன். குழந்தை ரூமுக்குன்னு சொன்னதும் பெட்டியைத் திருப்பி அந்த வரியைக் காட்டினார். "ஃபார்மால்டிஹைடு கிடையாது சார், குழந்தைக்கு ரொம்ப சேஃப்" அப்படின்னார். நானும் தலையாட்டிட்டு வந்தேன்.

பெட்டியில ‘கிடையாது’ன்னு போடலைங்கறது எனக்கு உறைக்கவே ஒரு வருஷம் ஆச்சு. ‘ஒரு வரம்புக்குள்ள இருக்கு’ன்னுதான் போட்டிருந்துச்சு. வரம்புங்கறது வாய் வழியா வர்றப்போ ‘இல்லவே இல்லை’ன்னு மாறிடுச்சு. இந்தப் பதிவு முழுக்க அந்த மாற்றத்தோட கதைதான்.

அந்தக் கோடையில மன்னார்குடியில இருந்து அப்பா வந்திருந்தார். புதுத் தரையைக் குனிஞ்சு விரலால தட்டிப் பார்த்தார். "இதுல மரம் எங்கடா இருக்கு?"ன்னு கேட்டார். நான் சிரிச்சேன். ஆனா கேட்டது சரியான கேள்வி.

*

மரம் எங்க இருக்கு? மேல தெரியற தேக்கு ரேகை அச்சடிச்ச காகிதம். அதுக்கு மேல தேயாம இருக்க ஒரு மெலமின் பூச்சு. அடியில இருக்கிற கனமான பாகம், மரத்தை நாரா அரைச்சு, பசை கலந்து, சூடா அழுத்தின எம்.டி.எஃப். வகைப் பலகை. நம்ம கதையோட வில்லன் அந்தப் பசைதான்.

ப்ளஸ் டூ-ல ஜுவாலஜி லேப் போனவங்களுக்கு ஃபார்மால்டிஹைடை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஜாடிக்குள்ள தவளையும் பாம்பும் மிதக்கும். மூடியைத் திறந்தா கண்ணு எரியும். அது ஃபார்மலின், அதாவது ஃபார்மால்டிஹைடைத் தண்ணியில கரைச்சது. 1859-ல ரஷ்ய வேதியியலாளர் புட்லெரோவ் கையில முதன்முதலா உருவாச்சு, 1860-கள்ல ஜெர்மானியர் ஹோஃப்மன் அது இன்னதுன்னு உறுதி பண்ணினார். அதை யூரியாவோட சேர்த்தா கெட்டியான பிசின் வருதுன்னு 1918-ல ஹான்ஸ் ஜான் என்பவர் பேட்டன்ட் எடுத்தார்.

இந்த யூரியா பசைக்குப் பல நல்ல குணம் உண்டு. விலை மலிவு, நிறம் கிடையாது, சூடு காட்டினா சீக்கிரம் இறுகிடும். இரண்டாம் உலகப் போர் முடிஞ்ச ஐரோப்பாவுல நல்ல மரத்துக்குத் தட்டுப்பாடு. குப்பையாப் போற மரத்தூளையும் சிலாம்பையும் வச்சே பலகை பண்ணலாம்னா யார் வேணாம்பாங்க? அலமாரி, மேஜை, கட்டில், கிச்சன் கப்போர்டுன்னு உலகமே பார்ட்டிகிள் போர்டுக்கு மாறினது இப்படித்தான்.

கெட்ட குணம் ஒண்ணுதான். பசையில சேராம மிஞ்சின ஃபார்மால்டிஹைடு முதல் சில மாசம் மளமளன்னு வெளியேறும். அதோட விட்டா பரவாயில்ல. ஈரமும் சூடும் பட்டா, இறுகின பசையே கொஞ்சம் கொஞ்சமா உடைஞ்சு மறுபடியும் வாயுவை விடும். அது வருஷக்கணக்குல நடக்கும். அதனாலதான் ஒரே பலகை குளிர்காலத்துல சாதுவாவும் புழுக்கத்துல முரடாவும் இருக்கு.

ஒரு நியாயமும் சொல்லிடறேன். ஃபார்மால்டிஹைடு இல்லாத வீடுன்னு ஒண்ணு கிடையாது. அடுப்புப் புகையில இருக்கு, சிகரெட்ல இருக்கு, வண்டிப் புகையில இருக்கு, வெட்டின பச்சை மரத்துலயே துளி இருக்கு. நம்ம உடம்பே கொஞ்சம் தயாரிக்குது. அதனால இருக்கா இல்லையாங்கற கேள்விக்கு அர்த்தமில்ல. எவ்வளவு, எத்தனை நாள், எவ்வளவு சின்ன ரூம்ல, இதுதான் கேள்வி. கண் எரிச்சல், தொண்டை எரிச்சல், இழுப்பு இருக்கிறவங்களுக்கு இழுப்பு அதிகமாறது எல்லாம் ரொம்ப நாளாத் தெரிஞ்ச விஷயம். மனுஷனுக்குப் புற்றுநோய் உண்டாக்கும்னு 2004-ல உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு முதல் பட்டியல்ல சேர்த்துச்சு. 2011-ல அமெரிக்க அரசும் அதையே சொல்லிடுச்சு.

*

சரி, வரலாறு. முதல் அத்தியாயம் சுவருக்குள்ள.

1973 எண்ணெய் நெருக்கடிக்கு அப்புறம் குளிர் நாடுகள்ல எல்லாரும் வீட்டுச் சூடு வெளியே போகாம அடைக்கக் கிளம்பினாங்க. சுவர்ல ஓட்டை போட்டு, ஷேவிங் கிரீம் மாதிரி ஒரு நுரையை உள்ள பீச்சி அடிப்பாங்க. அது யூரியா-ஃபார்மால்டிஹைடு நுரை. மலிவு, ஒரே நாள்ல வேலை முடிஞ்சிடும். கனடாவுல வீட்டுக்குக் காப்பு போட அரசாங்கமே மானியம் கொடுத்துச்சு. லட்சம் வீடு போல இந்த நுரையை வாங்கினாங்க. அப்புறம் கண்ணு எரியுது, மூச்சு முட்டுதுன்னு புகார். 1980 டிசம்பர்ல கனடா தடை போட்டுச்சு. அமெரிக்காவும் 1982-ல தடை போட்டுச்சு, ஆனா ஆதாரம் போதாதுன்னு 1983-ல நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து பண்ணிடுச்சு.

டொராண்டோ பக்கம் வீடு வாங்கின நம்மாளுங்களுக்கு இது எங்கேயோ படிச்ச மாதிரி இருக்கும். ஒன்டாரியோ வீடு விற்பனை ஒப்பந்தத்துல இந்த நுரையைப் பத்தின ஷரத்து ஒண்ணு அச்சுலயே இருக்கும், விக்கிறவர் உறுதி சொல்லிக் கையெழுத்துப் போடணும். தடை போட்டு நாற்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. அதுக்குள்ள அந்த நுரை விட வேண்டியதையெல்லாம் விட்டு முடிச்சாச்சு. வாசனை போனாலும் பேரு போகல.

*

ரெண்டாவது அத்தியாயம் சக்கரத்து மேல. கிழிச்ச ஸ்டிக்கர் கதை இதுதான்.

2005 ஆகஸ்ட் 29, கத்ரீனா புயல். நியூ ஆர்லியன்ஸும் சுத்துப்பட்டும் தண்ணிக்குள்ள. வீடு இழந்தவங்களைத் தங்க வைக்க ஃபெமாங்கற பேரிடர் நிர்வாக அமைப்பு ஒரு லட்சத்துக்கும் மேல ட்ரெய்லர் வாங்கி இறக்கிச்சு. சின்னப் பெட்டி வீடு. உள்ள சுவர், தரை, அலமாரி, கட்டில் எல்லாமே பசைப் பலகை. வெளியே லூசியானா வெயிலும் புழுக்கமும். மேல சொன்ன ஈரம், சூடு, சின்ன ரூம் மூணும் ஒரே இடத்துல!

சட்டத்துல ஒரு ஓட்டையும் இருந்துச்சு. தொழிற்சாலையில செஞ்சு கொண்டுவந்து வைக்கிற வீடுகளுக்கு 1980-கள்ல இருந்தே பலகை விதி உண்டு. ஆனா டிராவல் ட்ரெய்லர் வீடு இல்ல, வண்டி. ரெண்டு வாரம் லீவுல காட்டுக்குப் போய்ட்டு வர்ற வண்டி. அதனால அந்த விதி அதுக்குப் பொருந்தாது. அந்த வண்டியிலதான் குடும்பம் குடும்பமா வருஷக்கணக்குல இருந்தாங்க.

2006-லயே குழந்தைகளுக்கு மூக்குல ரத்தம், விடாத இருமல்னு புகார் வந்துச்சு. சியரா கிளப்ங்கற சுற்றுச்சூழல் அமைப்பு தானே சில ட்ரெய்லர்களைச் சோதிச்சு அளவு அதிகம்னு சொன்னாங்க. ஃபெமா என்ன பண்ணுச்சு? 2007 ஜூலையில நாடாளுமன்றக் கமிட்டி விசாரணையில அவங்க உள் மின்னஞ்சல்கள் வெளியே வந்துச்சு. சோதனை பண்ணாதீங்க, முடிவு கைக்கு வந்துட்டா நடவடிக்கை எடுக்க வேண்டிய கடமையும் வந்துடும்ங்கற ரீதியில சட்டப் பிரிவு ஆலோசனை சொல்லியிருந்துச்சு. (தெர்மாமீட்டர் வைக்காட்டி காய்ச்சல் இல்லைங்கற கதை.)

ஒருவழியா 2007 டிசம்பர்ல இருந்து 2008 ஜனவரி வரைக்கும் நோய்க் கட்டுப்பாட்டு மையம், அதாவது சி.டி.சி., 519 ட்ரெய்லர்களைச் சோதிச்சுது. சராசரி 77 பி.பி.பி., அதாவது நூறு கோடிப் பங்கு காத்துல 77 பங்கு. அதிகபட்சம் 590. சாதாரண அமெரிக்க வீட்ல 10-ல இருந்து 20 இருக்கும்னு அவங்களே சொன்னாங்க. இத்தனைக்கும் சோதிச்சது குளிர்காலத்துல, ட்ரெய்லர் பழசான பிறகு. கோடைக்கு முன்னாடி ஜனங்களை வெளியேத்தணும்னு சி.டி.சி. பரிந்துரை பண்ணுச்சு.

காலியான ட்ரெய்லர்களை என்ன பண்றது? ஏலம் விட்டாங்க. ஒவ்வொண்ணுலயும் ‘குடியிருக்கப் பயன்படுத்தக் கூடாது’ன்னு ஒரு ஸ்டிக்கர். வாங்கறவங்களும் அதுக்கு ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போடணும். முதல் கை போட்டாங்க. ரெண்டாவது, மூணாவது கைக்குப் போகும்போது பல ட்ரெய்லர்ல ஸ்டிக்கரே இல்ல. 2010-ல மெக்ஸிகோ வளைகுடாவுல எண்ணெய்க் கசிவு நடந்தப்போ, சுத்தம் பண்ண வந்த தொழிலாளிங்க தங்கினது இதே ட்ரெய்லர்கள்லன்னு பத்திரிகைகள் கண்டுபிடிச்சுது. அதே கரையோரம், அதே பெட்டி, வேற ஏழை ஜனம்.

இந்தக் கூத்துக்கு அப்புறம்தான் பசைப் பலகைக்கு நாடு தழுவின சட்டம் வந்துச்சு. 2010 ஜூலை 7-ல ஒபாமா கையெழுத்துப் போட்டார். அளவுகளைப் புதுசா யோசிக்கல, கலிஃபோர்னியா 2007-ல போட்ட விதியை அப்படியே எடுத்துக்கிட்டாங்க. அந்த விதியோட ரெண்டாம் கட்டம்தான் என் பெட்டியில இருக்கிற ‘ஃபேஸ் 2’. எம்.டி.எஃப். பலகைக்கு 0.11 பி.பி.எம்., அதாவது பத்து லட்சம் பங்கு காத்துல 0.11 பங்கு. கவனிங்க, இது சோதனைக்கூடத்துப் பெட்டிக்குள்ள பலகையை வச்சு அளக்கிற அளவு. உங்க வீட்டுக் காத்தோட அளவு இல்ல.

ஆனா சட்டம் வந்த உடனே அமலுக்கு வந்துடுச்சா என்ன? நாடு முழுக்க விதி நிஜமா அமலானது 2018 ஜூன்ல. இந்த எட்டு வருஷ இடைவெளியிலதான் மூணாவது அத்தியாயம் நடந்துச்சு.

*

இது ஒட்டின ஸ்டிக்கர் கதை.

லம்பர் லிக்விடேட்டர்ஸ்ங்கறது அமெரிக்காவுல தரைப் பலகை மட்டுமே விக்கிற பெரிய கடைச் சங்கிலி. அவங்க லேமினேட்ல நிறைய சீனாவுல செஞ்சது. எல்லாமே கலிஃபோர்னியா விதிக்கு உட்பட்டது, அதையே நாடு முழுக்க விக்கிறோம்னு விளம்பரம். பெட்டிக்குப் பெட்டி ஃபேஸ் 2 ஸ்டிக்கர்.

2015 மார்ச் 1, ஞாயித்துக்கிழமை ராத்திரி. சி.பி.எஸ். டிவியோட ‘சிக்ஸ்டி மினிட்ஸ்’ நிகழ்ச்சி. அஞ்சு மாநிலத்துல அவங்க கடைகள்ல இருந்து 31 பெட்டி வாங்கி லேபுக்கு அனுப்பியிருந்தாங்க. விதிக்கு உட்பட்டு இருந்தது ஒண்ணே ஒண்ணு. சிலது வரம்பைப் போல 13 மடங்குக்கும் மேல. அதோட விடல. சீனாவுல சாங்ஜோ நகரத்து ஆலைகளுக்கு ரகசிய கேமராவோட போனாங்க. உள்ள இருக்கிற பலகை ஃபேஸ் 2 கிடையாது, ஸ்டிக்கர் மட்டும்தான் ஃபேஸ் 2-ன்னு ஆலைக்காரங்களே சகஜமா சொன்னாங்க.

நிகழ்ச்சி முடிஞ்சதும் தங்கமணி திரும்பிக்கூடப் பார்க்காம சொன்னது ஒண்ணுதான்: "என்னங்க, கராஜ்ல மிச்சப் பெட்டி இருக்குல்ல, அதுல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க."

போய்ப் பார்த்தேன். அதே வரி. என்னோடது வேற கடை, வேற பிராண்ட். என் பலகை கெட்டதுன்னு யாரும் சொல்லல. ஆனா நேத்து வரைக்கும் எனக்கு தைரியம் கொடுத்த வரி இன்னிக்கு எதையும் சொல்லாத வரியா ஆயிடுச்சு. நல்ல பெட்டியிலயும் அதே எழுத்து, கெட்ட பெட்டியிலயும் அதே எழுத்து. மாடியில பையன் தூங்கறான்.

கம்பெனி என்ன சொல்லுச்சு? சோதனை முறையே தப்புன்னாங்க. மேல் பூச்சைச் சுரண்டிட்டு உள் பலகையை அளந்திருக்கீங்க, யாரும் வீட்ல தரையைச் சுரண்டிப் போட்டு வாழறதில்லையேன்னு கேட்டாங்க. வாடிக்கையாளருக்கு வீட்டுக் காத்தைச் சோதிக்கிற கிட் இலவசமா அனுப்பினாங்க. பெரும்பாலான வீடுகள் உலக சுகாதார நிறுவனம் சொன்ன அளவுக்குள்ளதான் இருக்குன்னும் அறிவிச்சாங்க. இந்த வாதத்துல கொஞ்சம் நியாயம் இருக்கிற மாதிரி தோணும். ஆனா பாருங்க, ஸ்டிக்கர் சொன்னது உள் பலகையைப் பத்தி. விதி இருக்கிறதும் உள் பலகைக்கு. அதைக் கேட்டா இவங்க வீட்டுக் காத்தைக் காட்டறாங்க. விக்கும்போது, பலகை விதியைக் காட்டி வீட்டுக் காத்துக்கு உத்தரவாதம் கொடுத்தாங்க. மாட்டினதும் வீட்டுக் காத்தைக் காட்டி பலகைக்கு வக்காலத்து. ஒரு கேள்விக்கு இன்னொரு கேள்வியோட பதில்!

அரசாங்கம் மட்டும் ஒழுங்கான்னா, அதுவும் இல்ல. 2016 பிப்ரவரியில சி.டி.சி. இந்தத் தரையைப் பத்தி அறிக்கை விட்டுச்சு: ஒரு லட்சம் பேருக்கு 2-ல இருந்து 9 பேர் வரைக்கும் கூடுதலாப் புற்றுநோய் வரலாம்னு. கொஞ்ச நாள்ல வாபஸ். என்ன ஆச்சுன்னா, ரூமோட உயரத்தை அடியில இருந்து மீட்டருக்கு மாத்த மறந்துட்டாங்க! ரூம் நிஜத்தை விட மூணு மடங்கு உயரமா கணக்குல ஏறி, வாயு அந்த அளவுக்குக் குறைவா தெரிஞ்சிருக்கு. திருத்தின கணக்கு 6-ல இருந்து 30 பேர். நம்ம எட்டாம் கிளாஸ் கணக்கு வாத்தியார் இருந்திருந்தா பெஞ்ச் மேல ஏத்தியிருப்பார்.

அதுக்கப்புறம் நடந்தது சுருக்கமா. 2015 மே-ல சீன லேமினேட் விற்பனையை நிறுத்தினாங்க. 2016-ல கலிஃபோர்னியாவுக்கு 25 லட்சம் டாலர். 2017-ல வாடிக்கையாளர் வழக்குகள் 3.6 கோடி டாலருக்கு முடிவாச்சு. அதுல 2.2 கோடி ரொக்கம், மீதி 1.4 கோடி அதே கடையில பொருள் வாங்கிக்க வவுச்சர்! 2019 மார்ச்ல இன்னொரு 3.3 கோடி டாலர். இது தரைக்காக இல்ல. பலகை விதிப்படி இருக்குன்னு பங்கு முதலீட்டாளர்கள்கிட்ட பொய் சொன்னதுக்கு. குழந்தை தவழ்ற தரையைப் பத்தி வாங்கினவங்களுக்குச் சொன்னது வவுச்சர்ல முடிஞ்சது, அதே விஷயத்தைப் பங்குச் சந்தைக்குச் சொன்னது குற்ற வழக்கு வரைக்கும் போச்சு. இது எனக்கு இன்னிக்கு வரைக்கும் ஜீரணமாகல.

அப்புறம் எல்.எல். ஃப்ளோரிங்னு பேரை மாத்திக்கிட்டாங்க. 2024 ஆகஸ்ட்ல திவால் மனு. கம்பெனியை ஆதியில ஆரம்பிச்சவரோட நிறுவனமே திரும்ப வாங்கிச்சு. பழைய பேரும் திரும்பி வந்துடுச்சு.

*

மூணாவது வகை ஸ்டிக்கர் ஒண்ணு இருக்கு. தனக்குத்தானே கொடுத்துக்கிறது.

2013-ல அமெரிக்க வர்த்தக ஆணையம் மூணு மெத்தைக் கம்பெனிகள் மேல நடவடிக்கை எடுத்துச்சு. அதுல ஈகோபேபின்னு ஒண்ணு. ரசாயனமே கிடையாது, ஃபார்மால்டிஹைடு கிடையாதுன்னெல்லாம் சொல்லி வித்தாங்க. அதுக்கு ஆதரவா ‘தேசிய இயற்கை மெத்தைத் தொழில் சங்கம்’ங்கற மாதிரி கனமான பேர்ல ஒரு முத்திரை. விசாரிச்சா அந்தச் சங்கமே இந்தக் கம்பெனியோட இன்னொரு முகம்தான்னு ஆணையம் சொல்லுச்சு. பரீட்சை எழுதறதும் திருத்தறதும் ஒரே ஆள். 2017-ல குழந்தை மெத்தை விக்கிற மூன்லைட் ஸ்லம்பர்ங்கற கம்பெனியும் அதே மாதிரி சொந்த முத்திரையில மாட்டுச்சு. அதே வருஷம் ‘உமிழ்வே இல்லாத பெயின்ட்’னு விளம்பரம் பண்ணின நாலு பெயின்ட் கம்பெனிகளும் ஆணையத்துகிட்ட ஒப்பந்தம் போட்டு வழிக்கு வந்தாங்க.

ஸ்டிக்கரே இல்லாம வலம் வர்ற ஒரு விளம்பரமும் உண்டு: ‘நாசாவே சொல்லிடுச்சு, மணி பிளான்ட் வச்சா ஃபார்மால்டிஹைடு போயிடும்’. 1989-ல நாசாவோட வோல்வர்ட்டன் சோதனை பண்ணினது உண்மை. ஆனா அது காத்து உள்ளயும் வெளியவும் போகாத, மூடின சின்னப் பெட்டிக்குள்ள. நம்ம வீட்ல ஜன்னல் இடுக்கு வழியா போற வர்ற காத்து பண்ற வேலையைச் செடி பண்ணணும்னா, ஒரு சதுர மீட்டருக்கு 10-ல இருந்து 1000 செடி வேணும்னு 2019-ல ரெண்டு ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுக் காட்டினாங்க. படுக்க இடமிருக்காது :-) செடி வளர்க்காதீங்கன்னு சொல்லல. எங்க வீட்லயும் இருக்கு. அழகுக்கு.

எல்லாரும் ஃபிராடுன்னு முடிச்சுடக் கூடாது. ஆரிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்துல கைச்சாங் லீன்னு ஒரு பேராசிரியர். அலை அடிச்சாலும் பாறையை விடாம ஒட்டிக்கிட்டு இருக்கிற சிப்பியைப் பார்த்து, அந்த ஒட்டு எப்படி வேலை செய்யுதுன்னு ஆராய்ஞ்சு, சோயா மாவுல இருந்து பசை பண்ணினார். ஒரு ப்ளைவுட் கம்பெனி யூரியா பசையை விட்டுட்டு அதுக்கு மாறுச்சு. 2007-ல பசுமை வேதியியலுக்கான அமெரிக்க அரசு விருதும் கிடைச்சுது. அந்த மாதிரிப் பலகையில போடுற வாசகத்தைப் பாருங்க: ‘ஃபார்மால்டிஹைடு சேர்க்கப்படவில்லை’. ‘இல்லை’ன்னு சொல்ல மாட்டாங்க, மரத்துலயே துளி இருக்குன்னு அவங்களுக்குத் தெரியும். அந்த ஒரு சொல் வித்தியாசத்துலதான் நேர்மை இருக்கு.

அதைவிட எனக்குப் பிடிச்சது ஜப்பான்காரங்க வேலை. புது வீட்டுக்குக் குடிபோனவங்களுக்குத் தலைவலி, கண் எரிச்சல்னு வந்து, ‘நோயாளி வீடு’ன்னே அதுக்குப் பேர் வச்சுட்டாங்க. 2003 ஜூலையில கட்டடச் சட்டத்தையே மாத்தினாங்க. பலகைக்கு நட்சத்திரத் தரம். நாலு நட்சத்திரம்னா எவ்வளவு வேணாலும் போடலாம். அதுக்குக் கீழன்னா, ரூம் எவ்வளவு பெருசு, காத்து எவ்வளவு மாறுதுன்னு பார்த்து இவ்வளவுதான் போடலாம்னு கணக்கு. கூடவே புது வீட்ல 24 மணி நேரமும் காத்தை மாத்துற விசிறி கட்டாயம். பலகையை மட்டும் பார்க்கல, அது எந்த ரூமுக்குப் போகுதுன்னும் பார்த்தாங்க. வாங்கறவனோட கேள்விக்குப் பதில் சொல்ற சட்டம் நான் பார்த்தவரைக்கும் இது ஒண்ணுதான்.

*

எங்க கதைக்கு வர்றேன். தரையைப் பிடுங்கிடலாம்னுதான் முதல்ல நினைச்சேன். படிச்சுப் பார்த்தா, பிடுங்கும்போது இன்னும் அதிகமா வெளியேறலாம், அவசரப்படாதீங்கன்னு அரசாங்கமே சொல்லியிருந்துச்சு. ஒரு லேப்ல இருந்து சின்ன பேட்ஜ் ஒண்ணு வாங்கி, பையன் ரூம்ல ஒரு நாள் தொங்கவிட்டு அனுப்பினேன். பயப்படற மாதிரி இல்லைன்னு எண் வந்துச்சு. கூடவே ஒரு குறிப்பு: இது தரையில இருந்து வருதா, அலமாரியில இருந்து வருதா, கட்டில்ல இருந்து வருதான்னு இந்தச் சோதனையால சொல்ல முடியாது. வாஸ்தவம்தானே? அந்த ரூம்ல பசை இல்லாத சாமானே கிடையாது!

அந்த வருஷம் பூரா, பனி பெய்ஞ்சாலும் காலையில அரை மணி நேரம் ஜன்னலைத் திறந்து வச்சோம். ஹீட்டர் பில் எகிறுச்சு. இழுப்பு படிப்படியா குறைஞ்சுது. கார்ப்பெட் போனதாலயா, ஜன்னலாலயா, வயசாலயா, சத்தியமா சொல்லத் தெரியல. இப்போ என் தோளைத் தாண்டி வளர்ந்துட்டான். அதே தரைதான்.

ஒரு மாற்றம் மட்டும் நடந்துச்சு. இப்போ எதை வாங்கினாலும் மூணு கேள்வி கேக்கறேன். இந்த முத்திரையைக் கொடுத்தது யாரு, நீங்களா வேற ஆளா? அளந்தது எதை, பலகையையா, முழுப் பொருளையா, ரூம் காத்தையா? ‘இல்லை’ங்கறீங்களா, ‘சேர்க்கலை’ங்கறீங்களா, ‘வரம்புக்குள்ள’ங்கறீங்களா? ஊர்ல மாடுலர் கிச்சன் போடற தங்கச்சிக்கும் இதைத்தான் சொல்லி அனுப்பினேன். அங்க கடைக்காரர் ‘இ1’னு காட்டியிருக்கார். இ1-ங்கறது ஐரோப்பியத் தரம், சோதனைப் பெட்டிக்குள்ள ஒரு கன மீட்டருக்கு 0.124 மில்லிகிராம் வரைக்கும் அனுமதி. அது நல்ல தரம்தான், ஆனா அது பூஜ்யம் இல்ல. "அப்போ அவர் ஜீரோன்னு சொன்னாரேண்ணா?"ன்னு அவ கேட்டா. அதே கதை, பத்து வருஷம் கழிச்சு, எட்டாயிரம் மைல் தள்ளி.

கராஜ்ல மத்ததெல்லாம் போயாச்சு. அந்தப் பெட்டியை மட்டும் தூக்கிப்போட மனசு வரல. மறுபடியும் அலமாரி மேலயே வச்சுட்டேன்.

டிஸ்கி: நான் கெமிஸ்ட்டும் இல்ல, டாக்டரும் இல்ல. கண்ணு எரியுது, மூச்சு முட்டுதுன்னா என் பதிவைப் படிக்காம ஜன்னலைத் திறந்துட்டு டாக்டர்கிட்ட போங்க. உங்க வீட்டுப் பலகையில, மெத்தையில என்ன ஸ்டிக்கர் இருக்குன்னு ஒரு தடவை குனிஞ்சு பார்த்துட்டு வந்து சொல்லுங்க, தெரிஞ்சுக்க ஆசை.